பன்னிரண்டு பழைய டிக்கெட்டுகள்

செத்துப்போனவளின் இடது உள்ளங்கை ஓரத்தில் மை இருந்தது. ஆஸ்பத்திரி அறிக்கை அதைக் ‘கன்றிப்போன காயம்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டது. முத்திரை விழுந்துவிட்டால் மைகூடக் காயமாகிவிடும். அதிகாரத்துக்கு அந்த அளவு மருத்துவ ஞானம் உண்டு.

“காயம் இல்ல டீச்சர். மை,” என்று காரின் பின் சீட்டிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொன்னாள் பெரியவள். செத்துப்போனவளின் கூடப்பிறந்த அக்கா. சலவைக்கடையில் பதினெட்டு வருடமாக இஸ்திரி போடுகிறவள். “கறையப் பத்தி எனக்கா சொல்லித் தரணும்? நேத்து அடையாளம் காட்டக் கூப்பிட்டாங்க. முகத்தப் பாக்க முடியல. கையப் பாத்தேன். எச்சில் தொட்டு லேசாத் தேச்சேன். நீலமா வந்துச்சு.”

ஹாரன் வண்டியை ஓட்டியபடி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். இருபது வருடம் டாக்சி ஓட்டியவன். வண்டியின் ஹாரன் பழுதான ஒரு வருடம் முழுக்க ஜன்னலில் தலையை நீட்டித் தானே கத்தி வழி வாங்கினான். பிறகு வண்டி ஹாரன் சரியானது, அவன் வாய் சரியாகவில்லை. பேர் ஒட்டிக்கொண்டது.

முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர் டீச்சர். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் நடந்து நடந்து, காப்பியடிக்கிறவனை முதுகை வைத்தே கண்டுபிடிக்கும் பயிற்சி பெற்றவர். ஓய்வு பெற்றபின் அந்தத் திறமையை வீணாக்க மனமில்லாமல், மற்றவர்களின் முதுகையும் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

“கதைய மறுபடி சொல்றேன். தப்பிருந்தா சொல்லு,” என்றார். “முந்தாநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உன் தங்கச்சி வேலை முடிஞ்சு பங்களாவ விட்டுக் கிளம்பிட்டா. வீட்டுக்குப் போனா. புருஷனோட சண்டை. கால்வாய்ப் படிக்கட்டுல அவன் தள்ளி விட்டான். எட்டு மணிக்கு ஐஸ் ஃபேக்டரிக்கு ஷிப்ட் போயிட்டான். விடிய ஆறு மணி வரைக்கும் அவன் வெளிய வரலன்னு வாட்ச்மேன் சாட்சி. இது போலீஸ் கதை.”

“ஆமா.”

“அப்ப எட்டு மணிக்கு மேல உன் தங்கச்சிக்கு உயிர் இருந்துச்சுன்னு காட்டிட்டா, அவன் கைவிலங்கு தானாக் கழண்டுரும்.”

“மூணு மணிக்குக் கோர்ட்டு டீச்சர். அதுக்கப்புறம் ஜெயிலு.” பெரியவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவன் உதவாக்கரைதான். குடிப்பான், பொய் சொல்வான், மணிக்கணக்கா மீசைக்குச் சாயம் பூசுவான். ஆனா கொலை பண்றதுக்கெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வேணும். அது அவன்கிட்ட கிடையாது.”

“இத விட நல்ல சாட்சி எந்த வக்கீலும் சொல்ல முடியாது,” என்றான் ஹாரன்.

“மையப் பத்திச் சொல்லு,” என்றார் டீச்சர்.

“அவளுக்குப் பொறந்ததுலேருந்து இடது கை. எழுத எழுத உள்ளங்கை ஓரம் ஈர எழுத்து மேல இழுத்துட்டுப் போகும். பள்ளிக்கூடத்துல அதுக்காகவே அடி வாங்குவா. அதனாலயே, எழுதி முடிச்சா உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேச்சுக் கழுவாம எந்த வாசப்படியும் தாண்ட மாட்டா.”

அடி என்ற வார்த்தை வந்ததும் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை ஹாரன் கவனித்தான்.

“அப்ப கடைசியா ஏதோ எழுதியிருக்கா. கை கழுவ நேரம் கிடைக்கல,” என்றார் டீச்சர், வெளியே பார்த்தபடியே. “அவ கடைசியா எழுதினது எதுன்னு தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“டீச்சர், காலப் பாத்து வைங்க,” என்றான் ஹாரன். கார்த் தரையில் இருந்த ஓட்டையை நேற்றைய செய்தித்தாள் மறைத்துக்கொண்டிருந்தது. “வணிகர் சங்கத் தலைவர் மூஞ்சில மிதிக்கிறீங்க. சரி, மிதிங்க. முந்தாநாள் ராத்திரியே ஓட்டுப் போட்டு அவரக் கவுத்துட்டாங்க. நாம போற பங்களாவோட சொந்தக்காரர்தான் புதுத் தலைவர். அடுத்த வருஷம் அவர் மூஞ்சி இங்க வரும். ஓட்டை பெருசாயிட்டே போகுது, எனக்கும் பெரிய மூஞ்சியா வேணும்.”

பங்களா வாசலில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். நகரத்துக் குற்றவாளிகள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள் என்று கேள்வி. டீச்சரைக் கண்டதும் அவர் சிகரெட்டைப் பூட்சுக்கடியில் போட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எட்டாம் வகுப்பில் பூகோளப் பரீட்சையில் பிடிபட்டபோதும் அப்படித்தான் நின்றாராம்.

“அரை மணி நேரம்தான் டீச்சர். செத்துப்போனவளோட பேனாப் பெட்டிய வாங்கிட்டுப் போக வந்திருக்கீங்கன்னு சொல்லியிருக்கேன். ரொம்பப் பெரிய இடம்.”

“இடம் பெருசா இருந்தா பெருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்,” என்றான் ஹாரன்.

வீட்டம்மாள் இடுப்புச் சாவியால் சாப்பாட்டு அறையைத் திறந்தாள். ஒரு பத்திரிகை அவளுக்கு ‘மேசை மகாராணி’ என்று பட்டம் கொடுத்திருந்தது. பட்டம் கொடுத்தவர்கள் மறந்துபோன பிறகும் அவள் மறக்கவில்லை. நடை, கழுத்து, வளையல் சத்தம் எல்லாமே முடிசூட்டுக்குப் போகிறவளைப் போலத்தான் இருந்தன.

“பெட்டி அந்த ஓரத்துல இருக்கு. எடுத்துக்கோங்க. ஆனா வந்தது வந்தீங்க, மேசைய ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க. வருஷக் கடைசி விடுமுறை விருந்து. இன்னைக்கு ஏழு மணிக்கு.”

பன்னிரண்டு பேர் உட்காரும் நீள மேசை. மேலே வெள்ளைத் துணி. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத பன்னிரண்டு பழைய பீங்கான் தட்டுகள், ஓரம் சிதைந்தவை. கறுத்துப்போன கரண்டிகள். மூடியில்லாத மருந்து பாட்டில்களில் காய்ந்த புல்லும் பூவும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் தையல்கடை மர நூல்கண்டு ஒன்று. அதன் தலையில் கீறிய பிளவில் அந்தக் காலத்து ரயில் அட்டை டிக்கெட் ஒன்று. டிக்கெட்டின் வெறும் பக்கத்தில் நீல மையில் முத்து முத்தான எழுத்து. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டு விளக்குகள்.

“ஒவ்வொண்ணும் நான் தேடித் தேடி எடுத்தது. பழைய சாமான் கடையில, ஏலத்துல, இடிச்ச வீட்டு வாசல்ல. பழசுக்கு ஒரு ஆத்மா இருக்கு. எல்லாருக்கும் அது கண்ணுக்குத் தெரியாது.”

“எங்க வீட்லயும் எல்லாத் தட்டும் ஓரம் உடைஞ்சதுதான் மேடம்,” என்றான் ஹாரன். “நாங்க அத வறுமைன்னு நெனச்சிட்டிருந்தோம். ஆத்மான்னு இப்பத்தான் தெரியுது.”

மகாராணி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாமே அப்படித்தான் போய்ச் சேரும்.

“மேசையில நாங்க பேர் எழுதறதில்ல,” என்றாள். “பேர் எல்லார்கிட்டயும் இருக்கு. பதவிதான் எழுதுவோம்.”

ஹாரன் கைகளைக் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் படித்தான். “நீதிபதி. நீதிபதி துணைவியார். வங்கி மேலாளர். தலைமை மருத்துவர். தலைமை மருத்துவரின் மாமனார். அடடா, அது ஒரு பதவியா? முன்னாள் தலைவர். இவர வாசல் பக்கமா வச்சிருக்கீங்க, சீக்கிரம் கிளம்ப வசதி. தலைவர். இது நம்ம ஐயா, நடுநாயகமா.” அண்ணாந்து பார்த்தான். “விளக்கும் ஆளுக்கு ஒண்ணா?”

“பன்னிரண்டும் ஒரு பழைய கப்பல்லேருந்து வந்தது.”

“பதினொண்ணுதானே இருக்கு?”

தலைவர் நாற்காலிக்கு மேலே ஒரு கொக்கி காலியாக இருந்தது. அதற்கு நேர் கீழே, மேசையில், காய்ந்த கிளைகள் செருகிய பெரிய ஜாடி ஒன்று மற்ற எதோடும் பொருந்தாமல் நின்றது.

“ஒண்ணு ரிப்பேருக்குப் போயிருக்கு,” என்றாள் மகாராணி.

பெரியவள் சுவரோடு ஒட்டி நின்று டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டிலும் எழுத்துக்குக் கீழே, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, மேகம் கலைந்தது போல ஒரு நீலத் தேய்ப்பு. அவள் உதடு அசைந்தது. டீச்சர் விரலை மட்டும் லேசாகத் தூக்கினார். பரீட்சை ஹாலில் நாற்பது பேரை அடக்கிய விரல். பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

“எழுத்து ரொம்ப அழகு. யார் எழுதினது?” என்றார் டீச்சர், குழந்தை முகத்தோடு.

“நானேதான். நேத்து போட்டோ எடுக்க வந்த பத்திரிகைக்காரங்களும் கேட்டாங்க. மனசு வச்சு எழுதணும்.”

“எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்களேன். டீச்சர்னு. உங்க ஞாபகமா வச்சுக்கறேன்.”

பேனாப் பெட்டியில் மிச்ச டிக்கெட் ஐந்தாறு கிடந்தது. மையும் அங்கேயே இருந்தது. புகழ்ச்சியை மறுத்துப் பழக்கமில்லாத மகாராணி கட்டைப் பேனாவை வலது கையில் எடுத்தாள். தோய்த்தாள். முள் கிறீச்சிட்டது. முதல் எழுத்தின் வயிற்றில் ஒரு சொட்டு விழுந்து காக்கா மாதிரி சிறகு விரித்தது. நாலெழுத்துக்குள் இரண்டு தடவை முள் அட்டையில் குத்தி நின்றது. முடித்தபோது அதைக் கோழி கிண்டியிருந்தால்கூட இன்னும் கொஞ்சம் பொறுப்பாகக் கிண்டியிருக்கும் என்று ஹாரனுக்குத் தோன்றியது.

“பழைய பேனா,” என்றாள்.

“ஆத்மா கோவிச்சுக்குச்சு போல,” என்றான் ஹாரன்.

டீச்சர் அந்த அட்டையையும் மேசை மேல் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருடைய வழி. ‘காப்பியடிக்கிறவன்கிட்ட பெரிய தப்பக் கேட்டா சாதிப்பான் ஹாரன். சின்னத் தப்ப ஒத்துக்க ஒரு சந்து விடு. தப்பிச்சோம்னு நிம்மதியில மத்ததெல்லாம் அவனே கொட்டுவான்’ என்று ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

மகாராணி அந்தச் சந்து இருப்பதைப் பார்த்துவிட்டாள். கலகலவென்று சிரித்தாள்.

“சரி, மாட்டிக்கிட்டேன். யோசனை என்னோடது, கை அவளோடது. அந்தப் பொண்ணுதான் எழுதினா. பத்திரிகையில இதெல்லாமா சொல்ல முடியும்? இன்ஸ்பெக்டர், இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா?”

“இதுக்கு இல்ல மேடம்.”

“நல்ல பொண்ணு. கொஞ்சம் மெதுவா வேலை செய்வா.”

பெரியவளின் கை முந்தானையைப் பிடித்து முறுக்கியது.

“பன்னிரண்டையும் அவளே எழுதினாளா?” என்றார் டீச்சர்.

“பன்னிரண்டும் அவதான்.”

“எப்ப?”

“முந்தாநாள் மத்தியானம். எல்லாத்தையும் முடிச்சு வச்சுட்டு அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டா. நான் அறையைப் பூட்டிட்டேன். போலீசுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கேனே.”

“அதுக்கப்புறம் இந்த அட்டைய யாரும் தொடல?”

“போட்டோக்காரங்களத் தவிர ஈ எறும்பு கூட உள்ள வரல, அவங்களும் தொடல. சாவி என் இடுப்புலதான்.”

இன்ஸ்பெக்டர் டீச்சரை ஒதுக்குப்புறமாக அழைத்துக்கொண்டு போனார். “டீச்சர், மன்னிச்சுக்கோங்க. அப்ப கையில இருந்தது அஞ்சு மணி மை. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போயிட்டா. கேஸ் இருந்த இடத்துலயேதான் இருக்கு. மணி ஒண்ணேகால். நான் கோர்ட்டுக்குக் கிளம்பணும்.”

அது பெரியவளின் காதில் விழுந்தது. அவள் சுவரில் சாய்ந்தாள்.

“ஹாரன்,” என்றார் டீச்சர். “கார்த் தரையில கிடக்கற பேப்பர எடுத்துட்டு வா.”

“ஓட்டை தெரியுமே டீச்சர்?”

“தெரியட்டும்.”

அவன் ஓடிப் போய், டீச்சரின் செருப்புத் தடம் பதிந்த நேற்றைய செய்தித்தாளோடு திரும்பி வந்தான். டீச்சர் சொன்ன இடத்தைப் படித்தான். சத்தமாகத்தான் படித்தான், அவனுக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது.

“‘வணிகர் சங்கத் தலைவர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் யாரும் எதிர்பாராத வகையில் நிறைவேறியது. ஆறு மணிக்குத் தொடங்கிய கூட்டம் கூச்சல் குழப்பத்துக்கிடையே நீடித்து, இரவு ஒன்பது இருபதுக்கு முடிவு அறிவிக்கப்பட்டது. உடனடியாகப் புதிய தலைவர்...’” நிறுத்தினான். அவன் கண் தானாக மேசைக்குப் போனது. வாசல் பக்க நாற்காலி. நூல்கண்டு. டிக்கெட்.

முன்னாள் தலைவர்.

“அஞ்சு மணிக்கு,” என்றார் டீச்சர் மெதுவாக, “அந்த மனுஷருக்கே தெரியாது, தான் முன்னாள் ஆகப் போறோம்னு. சங்கத்துக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. அட்டை எழுதற பொண்ணுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?”

மகாராணியின் வளையல் சத்தம் நின்றது.

“ஒன்பதரைக்கு உங்க வீட்டுக்காரர் போன் பண்ணியிருப்பார். ஜெயிச்சுட்டேன்னு. வேற யாரா இருந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு விட்டிருப்பாங்க. உங்களால முடியாது. விடிஞ்சா போட்டோ. தப்பான பதவியோட ஒரு அட்டை மேசையில இருக்கறத உங்களால தாங்க முடியாது. ரெண்டு அட்டையத் திருப்பி எழுத வச்சீங்க. ஒரு முன்னாள், ஒரு தலைவர். அதுக்குத்தான் அவ அந்த நேரத்துலயும் இங்க இருந்தா.”

“அது... அந்த ரெண்டும் நான்...”

“நீங்க எழுதினது இதோ,” என்று ஹாரன் காக்கா உட்கார்ந்த அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

இன்ஸ்பெக்டர் கைகளை முதுகிலிருந்து எடுத்தார். முன்னால் வந்து, அந்தப் பெரிய ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தினார். அடியில் மேசைத்துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம். தேய்த்துத் தேய்த்து நூல் வெளுத்துப்போயிருந்தது.

“வெந்நீர் ஊத்தியிருக்காங்க,” என்றாள் பெரியவள், ஏதோ கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போல. “ரத்தத்துக்கு வெந்நீர் ஊத்தினா போகாது. பச்சத் தண்ணிதான் ஊத்தணும்.”

மகாராணியின் கை பழக்கத்தில் நீண்டு, கோணலாக இருந்த ஒரு கரண்டியை நேராக வைத்தது.

“தலைவர் நாற்காலிக்கு மேல வெளிச்சம் பத்தல,” என்றாள். “அங்க இருந்த விளக்க சங்கிலியில ரெண்டு கண்ணி இறக்கி மாட்டச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏணி ஆடுச்சு.”

“எத்தன மணிக்கு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பத்தே முக்கால் இருக்கும்.”

“விழுந்ததும் உயிர் போயிடுச்சா?”

மகாராணி இன்னொரு கரண்டியை நேராக்கினாள்.

“மேடம், கேட்டது காதுல விழுந்துச்சா?”

“இந்த வாசல்ல ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஆஸ்பத்திரி ஆளுங்க வந்தா மேசைய நகர்த்தணும், எல்லாத்தையும் எடுக்கணும். விடிஞ்சா பத்திரிகைக்காரங்க. அவர் தலைவரான அன்னைக்கே வீட்டுல போலீஸ்... அவர்தான் சொன்னார், கொஞ்ச நேரம் படுத்திருந்தா சரியாயிடும்னு. நல்லாத்தான் இருந்தா. பேசிட்டிருந்தா.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம். ஒண்ணரை மணி... அதுக்கப்புறம்தான் அவர் கார் எடுத்தார், கால்வாய்ப் படிக்கட்டுக்கு.”

பெரியவள் சுவரை விட்டு வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். “என்ன பேசினா?”

மகாராணி முதல் தடவையாக அவளைப் பார்த்தாள். அதுவரை பார்க்கத் தேவை இருந்ததில்லை.

“என்ன பேசினா என் தங்கச்சி?”

“கை கழுவணும்னா. துணியில மை பட்டுரும், கொஞ்சம் தண்ணி தாங்கன்னு... அதையேதான் சொல்லிட்டிருந்தா.”

“குடுத்தீங்களா?”

மாடிப்படியில் தலைவரின் செருப்புச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்து, கதவை நோக்கிப் போனார். மகாராணி மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்கே சொல்லிக்கொள்வது போல, “ஏழு மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சே,” என்றாள்.

காரில் திரும்பும்போது தரையில் ஓட்டை வழியாகச் சாலை ஓடியது. இன்ஸ்பெக்டர் பங்களாவிலிருந்தே கோர்ட்டுக்குப் போன் பண்ணிவிட்டார். மூன்று மணிக்கு உதவாக்கரை வெளியே வந்துவிடுவான்.

“வந்ததும் நாலு அறை விடுவேன்,” என்றாள் பெரியவள். “அப்புறம் சோறு போடுவேன். அவனுக்கும் இனி யாரு இருக்கா?” கொஞ்ச தூரம் போனபின், “டீச்சர், முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் போலாமா? அவ கையக் கழுவி விட்டுடறேன்,” என்றாள்.

டீச்சர் கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார்.

“இப்பக் கழுவக் கூடாதும்மா. அந்த மைதான் சாட்சி. டாக்டர் வந்து பாத்து, காயம்னு எழுதினத அடிச்சுட்டு மைன்னு எழுதணும். போட்டோ எடுக்கணும். அதுவரைக்கும் நீ தொடக்கூடாது.”

“எவ்வளவு நேரமாகும்?”

“முத்திரை போட்டாச்சு. அழிக்கறதுக்கு நாளாகும்.”

பெரியவள் தலையாட்டினாள். நேற்று எச்சில் தொட்டுத் தேய்த்த தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லவேளை, நான் முழுசாத் தேய்க்கல,” என்றாள்.

முன்னால் ஒரு கைவண்டி வழியை மறித்து நின்றது. ஹாரன் கத்தவில்லை. அது தானாக நகரும் வரை காத்திருந்தான். அடுத்த முனையில் ஒரு பழக்கடை வந்தது. யாரும் சொல்லாமலே நிறுத்தி, இறங்கிப் போய், இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு பொட்டலம் உப்பும் வாங்கி வந்து, பின் சீட்டில் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.